பஸ் நிற்காத நிறுத்தத்தில் ஒரு படம்

என் வீட்டுக்காரர் வக்கீல். இதைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சு எப்படி நடக்கும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டில் உப்பு கம்மி என்று சொல்லக்கூட அவருக்கு ஒரு முன்னுரை வேண்டும், நாலைந்து காரணம் வேண்டும், எதிர்த்தரப்பு என்ன சொல்லக்கூடும் என்பதற்குப் பதிலும் வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து போய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

வழக்கு இருக்கிற வாரங்களில் இது இன்னும் மும்முரமாகும். நாளைக்கு நீதிமன்றத்தில் பேசப்போவதை இன்றைக்கே அடுப்படி வாசலில் நின்று என்னிடம் பேசிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். நான்தான் நீதிபதி. ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பீன்ஸ் நறுக்கியபடி கேட்பேன். மற்ற நேரத்தில் "ஏய், என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தியா?" என்கிற மனுஷர் அப்போது மட்டும் "கனம் நீதிபதி அவர்களே" என்பார். எனக்கு அது பிடிக்கும், பொய் சொல்வானேன். கடைசியில் தீர்ப்பை அவர் பக்கமே சொல்லிவிடுவேன். சாப்பாடு ஆறிப்போகிறதே என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

பல் டாக்டரின் வழக்கு வந்தபோதும் அப்படித்தான் முக்காலியைப் போட்டேன். அதில் என் தலையும் சேர்ந்து உருளப்போகிறது என்று அப்போது தெரியாது.

இந்தப் பல் டாக்டர் ஊரின் அந்தக் கோடியில் கிளினிக் வைத்திருப்பவர். கிளினிக் இல்லாத நேரத்தில் கேமராவும் கையுமாகத் தெருத்தெருவாகச் சுற்றுவார். போகிறவர் வருகிறவர்களைப் படம் எடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். அதிலும் ஒரு விசேஷம். நாள் முழுக்கத் திறந்த வாய்க்குள்ளேயே பார்த்துப் பழகிய கண் அல்லவா, தெருவிலும் அதைத்தான் தேடும். கொட்டாவி விடுகிறவர், காய்கறி கூவி விற்கிறவர், தும்மல் வருமா வராதா என்று நிற்கிறவர், ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்க அலறுகிறவர் என்று எல்லாரும் ஆவென்று வாயைத் திறந்தபடி. இவற்றையெல்லாம் சேர்த்து நகர மண்டபத்தில் டிக்கெட் போட்டுக் கண்காட்சி வைக்கப்போவதாக அறிவித்தார். வந்தது வினை.

சோபாக் கடைக்காரர் ஒருவர் வழக்குப் போட்டுவிட்டார். அவர் தன் கடையில், விற்பனைக்கு வைத்திருந்த சோபாவிலேயே சாய்ந்துகொண்டு, உள்நாக்குத் தெரியக் கொட்டாவி விட்டிருக்கிறார். டாக்டர் நடைபாதையில் நின்று கண்ணாடி வழியாக அதை எடுத்துவிட்டார். என்னைக் கேட்காமல் என் கொட்டாவியை எடுக்க இவர் யார், கண்காட்சியே நடக்கக் கூடாது என்பது வழக்கு. டாக்டருக்கு வக்கீல் என் வீட்டுக்காரர்.

"இதெல்லாம் ஒரு வழக்கா?" என்றார் இவர், கையைத் தேய்த்துக்கொண்டே. "பொது இடத்துல நின்னு கண்ணுக்குத் தெரியறதை யார் வேணா படம் எடுக்கலாம். கொட்டாவி விட அந்த ஆளுக்கு உரிமை இருக்கு. ரோட்டுல போறவனுக்கு அதைப் பார்க்க உரிமை இருக்கு. கண்ணு பார்க்கலாம்னா கேமராவும் பார்க்கலாம். அவ்வளவுதான் விஷயம்."

சொல்லிக்கொண்டே டாக்டர் கொடுத்திருந்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் நன்றாக எடுத்திருந்தார். சோபாக் கடைக்காரரின் கொட்டாவியைப் பார்த்து எனக்கே கொட்டாவி வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தேன். அதில் நான் இருந்தேன்.

ஒரு பழைய பஸ் நிறுத்தம். ஒருபக்கம் சாய்ந்து தொங்கும் பெயர்ப் பலகை. பெஞ்சில் ஒரு அம்மாள். செருப்பு கீழே கிடக்கிறது, கால் இரண்டும் பெஞ்சின் மேலே. தலை பின்னால் சாய்ந்து, மோவாய் வானத்தைப் பார்த்து, வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது. வாய்க்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில், ஒரே ஒரு வேர்க்கடலை. கீழே டாக்டர் தன் கையால் தலைப்பு எழுதியிருந்தார்: 'பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்.'

அந்த பெஞ்சைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்குக் கழுத்து வலி வந்தது. நிஜமான வலி, நடிப்பில்லை. வாரத்தில் சில சாயங்காலங்கள் பிசியோதெரபிக்குப் போய் வந்தேன். வலி போய்விட்டது. அதை வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் அன்றைக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமனார் டிவி ரிமோட்டைக் காணோம் என்றார். மகள் சார்ஜரைக் காணோம் என்றாள். இவர் ஒரு பழைய தீர்ப்பின் நகலைக் காணோம் என்றார். எல்லாம் அவரவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தன. மாமனார் ரிமோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தார். "கழுத்து எப்படி இருக்கு?" என்று இவர் போகிற போக்கில் கேட்டார். "இன்னும் கொஞ்ச நாள் வரச் சொல்லியிருக்காங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதிலிருந்து அந்தச் சாயங்காலங்களில் நான் போனது பஸ் நிறுத்தத்துக்கு. அந்தத் தெருவை ஒருவழிப் பாதையாக்கியபோது பஸ்ஸைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். கூரையையும் பெஞ்சையும் பலகையையும் எடுக்க மறந்துவிட்டார்கள். பஸ் வராத நிறுத்தத்துக்கு யார் வரப்போகிறார்கள்? அங்கே என்ன செய்தாய் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எதிர்வரிசைக் கடைப் பலகைகளைப் படித்தேன். காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். ஒரு பொட்டலம் கடலை வாங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டு வாயால் பிடித்தேன். பள்ளிக்கூட நாளில் அதில் என்னை அடிக்க ஆளில்லை. அம்மா என்றோ, மருமகளே என்றோ, ஏய் என்றோ யாரும் கூப்பிடவில்லை. அங்கே எனக்கு இருந்த சந்தோஷத்தை அப்படியே சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் மனம் நோவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தேடத் தெரியாதவர்கள், அவ்வளவுதான்.

"இதைப் பாரேன்!" என்று இவர் என் கையிலிருந்து படத்தை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார்.

"யாரோ தெரியல. ஆனா என்ன ஒரு ஆளு! இந்த வயசுல கடலையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கறாங்க பாரு. முகத்துல ஒரு கவலை இருக்கா? மனுஷங்கன்னா இப்படி இருக்கணும்."

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"நீயும் இருக்கியே, எப்பப் பாரு உம்முனு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கீழேயிருந்து எடுத்த படம், மோவாயும் மூக்குத் துவாரமும் பல்லும்தான் பெரிதாகத் தெரிந்தன, எல்லாம் சரி. அதற்காகக் கட்டின பெண்டாட்டியை ஒரு மனுஷனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம் ஒரு பக்கம், கண்டுபிடிக்கவில்லையே என்று கோபம் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு மற்ற படங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"டாக்டர் இதைத்தான் போஸ்டராப் போடப் போறார். பஜார் முனையில, இவ்ளோ பெருசா!" என்று இவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

இவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் கைப்பை மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அவள் தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். பலகையில் நிறுத்தத்தின் பெயரும் தெளிவாக இருந்தது. அப்புறம் என்ன? "ஏம்மா, வீட்டுல என்னம்மா குறை?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள், எனக்கு அதுதான் பயம். அன்பாகக் கேட்டு, மொட்டை மாடியில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்து, அங்கே ஏறிவந்து ரிமோட் எங்கே என்பார்கள். பெஞ்சுக் கதை அன்றோடு முடிந்துவிடும்.

ஆகவே அந்தப் போஸ்டர் வரக் கூடாது. ஆனால் நான் வாயைத் திறக்கவும் கூடாது. எனக்கு மிச்சம் இருந்தது நீதிபதி பதவி ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் இவர் அடுப்படி வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "கனம் நீதிபதி அவர்களே! பொது இடத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர், தன்னை ஊர் பார்க்கும் என்பதை அறிந்தே அமர்கிறார். ஆகவே..."

"ஒரு நிமிஷம்," என்றேன். "ஊர்னா யாரு? அந்தப் பக்கமாப் போன நாலு பேர் பார்த்திருப்பாங்க, போயிருப்பாங்க, மறந்தும் போயிருப்பாங்க. படத்துல மாட்டினா போகாம நின்னு பார்ப்பாங்களே?"

"நின்று பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

"சரி, அந்தக் கடலை அம்மா வீட்டுல வேற எங்கேயோ போறதாச் சொல்லிட்டு வந்திருந்தா?"

இவர் புருவத்தைத் தூக்கினார். "எங்க போறதா?"

"எனக்கென்ன தெரியும்? கோர்ட்டு பொதுவாத்தான் கேட்கும்."

"வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருபவர்களைக் காப்பாற்றுவது நீதிமன்றத்தின் வேலை அல்ல."

கையிலிருந்த பீன்ஸை அவர் மேல் எறியாமல் இருக்க ரொம்பப் பிரயாசைப்பட வேண்டியிருந்தது. அப்போதுதான் சோப்புக் கம்பெனி வழக்கு ஞாபகம் வந்தது. ஒரு பெண்ணின் படத்தை அவளைக் கேட்காமல் சோப்பு உறையில் போட்டுவிட்ட வழக்கு. இதே வாசலில் நின்று இதே மனுஷர் அந்தப் பெண்ணுக்காகப் பிளந்து கட்டியிருக்கிறார். அன்றைக்கும் நான்தான் நீதிபதி.

"படம் எடுக்கலாம், ஒத்துக்கறேன். மண்டபத்துல மாட்டலாம், அதையும் ஒத்துக்கறேன். அதையே பெருசாக்கி, டிக்கெட் விக்கறதுக்காகப் பஜார்ல மாட்டினா அது விளம்பரம்தானே? விளம்பரத்துக்கு ஒருத்தர் மூஞ்சி வேணும்னா அவங்க சம்மதம் வேணாமா? அன்னைக்கு சோப்புக்கு ஒரு சட்டம், இன்னைக்குக் கடலைக்கு ஒரு சட்டமா?"

நான் கத்தியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன். "தீர்ப்பு உங்களுக்குப் பாதகம். போஸ்டர் கூடாது. போய்க் கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

எங்கள் அடுப்படியில் அவர் தோற்றது அதுதான் முதல் தடவை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ ஒரே குதியாகக் குதித்தார்.

"பிரமாதம்! அந்த சோபாக்காரன் வக்கீல் இதைத்தான் பிடிப்பான். நல்லவேளை சொன்னே. இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. அந்த அம்மாவைக் கண்டுபிடிச்சு, படத்துக்குப் பின்னாடி ஒரு கையெழுத்து வாங்கிட்டாப் போச்சு. எங்க உட்கார்றாங்கன்னுதான் தெரியுமே! சாயங்காலம் சாயங்காலம் நானே போய் அந்த பெஞ்சுல உட்கார்ந்துக்கறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

போதாததற்கு அடுத்த நாள் பல் டாக்டரே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் தேநீர் கொண்டுபோய் வைக்கும்போது இவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த அம்மாவை நேர்ல பார்த்தா உங்களுக்கு அடையாளம் தெரியுமா டாக்டர்?"

"முகம் எனக்கு ஞாபகம் நிக்காது சார். பல்லு மறக்காது," என்றார் டாக்டர். "அந்த அம்மாவுக்கு மேல் வரிசைல முன்பல்லு ஒண்ணு பக்கத்துப் பல்லு மேல லேசா ஏறி நிக்கும். எந்தக் கூட்டத்துல பார்த்தாலும் சொல்லிடுவேன்."

என் நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சர்க்கரைக் கிண்ணத்தை நீட்டினேன்.

"அம்மாவுக்குப் பல்வலிங்களா?" என்று டாக்டர் அக்கறையாகக் கேட்டார்.

"ம்ஹும்," என்றேன்.

"அவ எப்பவும் அப்படித்தான் டாக்டர். உம்முனு," என்றார் இவர்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. நிஜ நீதிபதி ஏறக்குறைய என் தீர்ப்பையே சொன்னார். தெருவில் நின்று எடுத்த படம் செல்லும், கண்காட்சி நடக்கலாம், போஸ்டரில் யாரையாவது போடுவதானால் மட்டும் அவர் சம்மதம் வேண்டும். சோபாக் கடைக்காரர் முதலில் முறைத்தார். அப்புறம் வியாபாரி மூளை வேலை செய்துவிட்டது. அந்தக் கொட்டாவிப் படத்தையே வாங்கி, 'உட்கார்ந்தால் தூக்கம் நிச்சயம்' என்று அதன் கீழே எழுதிக் கடை வாசலில் மாட்டிவிட்டார். ஊரில் எல்லாருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் பெஞ்சு போய்விட்டது.

ஆமாம், போய்விட்டது. சாயங்காலம் ஆனால் இவர் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த நிறுத்தத்துக்குக் கிளம்பிவிடுவார். நான் பிசியோவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பி, போக இடமில்லாமல் கடைத்தெருவில் கத்தரிக்காய் விலை கேட்டுக்கொண்டு நிற்பேன். கத்தரிக்காய்க்காரர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? கடைசியில் வீட்டிலேயே இருந்துவிட்டேன். ரிமோட்டைத் தேடினேன், சார்ஜரைத் தேடினேன். போயிருந்த கழுத்து வலி நிஜமாகவே திரும்பி வந்துவிட்டது.

முதல் நாள் இவர் சலிப்போடு திரும்பினார். "வரல," என்றார். அடுத்த தடவை, "வரல, பரவாயில்ல" என்றார். அதற்கடுத்த தடவை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்து செருப்பு ஸ்டாண்டில் ஷூவை ஒழுங்காக வைத்தார். எனக்குப் பகீரென்றது.

"அந்த இடம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அது ஒரு மாதிரி..." என்று தேடினார். வார்த்தை கிடைக்காமல் இந்த மனுஷர் தடுமாறி நான் பார்த்ததில்லை. "போன் வந்தாக் கூட எடுக்கத் தோணல. எதிர்க்கடைல போர்டு எல்லாம் இருக்கு, ஒவ்வொண்ணாப் படிச்சுட்டிருந்தேன். கொஞ்ச நேரம் போனதே தெரியல."

என் சொத்தை எடுத்து அனுபவித்துவிட்டு என்னிடமே வந்து ருசி சொல்கிறார். அன்றைக்கு அவருக்குத் தேநீரில் சர்க்கரை போடவில்லை. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் மறுபடி வந்தார். கையில் புதிதாக ஒரு படம். தயங்கித் தயங்கி மேசையில் வைத்தார். அதே நிறுத்தம், அதே பெஞ்சு. என் வீட்டுக்காரர் கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, வாயை அகலத் திறந்து, உலகம் மறந்து தூங்கிக்கொண்டிருந்தார். டை தோளைத் தாண்டிப் பின்னால் கிடந்தது. ஒரு காலில்தான் சாக்ஸ் இருந்தது.

"அந்தப் பக்கமாப் போனேன் சார். வெளிச்சம் நல்லா இருந்துச்சு..."

இவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யாரைக் கேட்டு எடுத்தீங்க? ஒரு மனுஷன் அசந்து தூங்கும்போது எடுப்பீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்க வேணாமா? என்னை யாருன்னு நினைச்சீங்க!"

"பொது இடம் சார்," என்றார் டாக்டர் பயந்துகொண்டே. "கண்ணு பார்க்கலாம்னா..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்தேன், முந்தானையை வாயில் அடைத்தேன், முடியவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, ஆவென்று சிரித்தேன். நிமிர்ந்தபோது டாக்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் என் மேல் வரிசையில் ஒரு இடத்தில் போய் நின்றது. முகம் மாறியது.

நான் அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. இவர் அந்தச் சமயம் தன் சாக்ஸ் படத்தைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தார்.

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "சார்," என்றார். "அந்த அம்மா படத்தைப் போஸ்டராப் போட எனக்கு ரொம்ப ஆசை. ஆனா அவங்களா மனசு வெச்சு சரின்னு சொன்னாத்தான் போடுவேன். இல்லேன்னா மண்டபத்துலயும் மாட்ட மாட்டேன். கோர்ட்டு மாட்டலாம்னு சொன்னாலும் சரி." அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "தேநீர் நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நான் தேநீரே கொடுக்கவில்லை.

இவர் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். தன் படத்தைக் கவிழ்த்து வைத்தார். என் படத்தை எடுத்துப் பார்த்தார். "பாவம், இந்த அம்மாவுக்கும் இப்படித்தானே இருக்கும்," என்றார். "நாளைக்குக் கடைசியா ஒரு தடவை போய்ப் பார்க்கறேன். வரலேன்னா விட்டுடலாம்."

விட்டுவிடலாம் என்றாரே, நான் பேசாமல் இருந்திருக்கலாம். போஸ்டர் வராது, யாருக்கும் எதுவும் தெரியாது, பெஞ்சும் எனக்குத் திரும்பி வந்துவிடும். இருந்தும் மறுநாள் சாயங்காலம் என் கால் அங்கே போனது. வராத ஒரு பெண்ணுக்காக இந்த மனுஷர் இன்னொரு தடவை போய்க் காத்துக் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண் நானாக இருக்கும்போது.

நான் வருவதைப் பார்த்ததும் அவசர அவசரமாகக் காலை ஷூவுக்குள் நுழைத்தார். "நீ எங்க இங்க? பிசியோ இந்தப் பக்கமா?"

"இல்லை," என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த அம்மா இன்னைக்கும் வரல."

"வந்தாச்சு," என்றேன். "அது நான்தாங்க."

அவர் சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மடியில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடி படத்தைப் பார்த்தார். கைப்பையைப் பார்த்தார். எதிர்வாதம் எதுவுமே இல்லாத அவர் முகத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கழுத்து வலி?" என்றார் கடைசியில்.

"போய் ரொம்ப நாளாச்சு. இப்பத்தான் நீங்க திரும்ப வரவெச்சீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இது போயிருக்கும். வீட்டுல எந்த மூலைல உட்கார்ந்தாலும் யாராவது கூப்பிடறீங்க. இங்க பஸ்ஸுகூட நிக்காது."

வீட்டில் என்ன குறை என்று கேட்பார், அதற்கு இன்ன பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"எனக்கு ஏன் உன்னை அடையாளம் தெரியல?" என்றார்.

"இந்த மாதிரி என்னை நீங்க பார்த்ததே இல்லையே, எப்படித் தெரியும்?" என்றேன். அவரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் அது சமாதானம் இல்லை என்று தெரிந்தது.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். டையைச் சரிசெய்தார். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை மேலே வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதை எல்லாரும் பார்க்கற மாதிரி போடறதுக்கு உங்களுக்குச் சம்மதமாங்க?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு என்றுதான் சொன்னார்.

"இல்லை," என்றேன்.

"சரி."

அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை, மேல்முறையீடு இல்லை. படத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் பேனாவை மூடினார். "டாக்டர் போஸ்டருக்கு என்ன செய்வார்? என் படத்தைத்தான் போடச் சொல்லணும். ஊரே சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டுமே. அருமையா விழுந்திருக்கு. அந்த சாக்ஸ் ஒண்ணு போதும்."

"நீ இன்னும் கொஞ்ச நேரம் இருப்பேல்ல?" என்றார், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே. "நான் கிளம்பறேன். யாராவது கேட்டா பிசியோல இருக்கான்னு சொல்லிடறேன். ராத்திரிச் சமையலை நானே எப்படியோ பார்த்துக்கறேன்."

போனார். தெரு முனையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி பாதிக் கையைத் தூக்கினார். எனக்கு அவர் மேல் அப்படிப் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷரை நான் அவ்வளவு நேசித்த நிமிஷம் வேறு இல்லை. பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்துவிடுவார்.

நான் கூப்பிடவில்லை.